கிராஃபைட்டைக் கட்டிப்போட்ட கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு, பிள்ளைகளே. ஆடுகிற பொருளைக் கண்டால் கை சும்மா இருக்காது, கட்டிவிடும். கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவன் நான். இரண்டு கம்பி குறுக்கே போகும் இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியால் ஒரு முறுக்கு. அதை முறுக்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. (பத்தாம் வகுப்பில் அறிவியலும் இறங்கவில்லை. அது வேறு கதை.)

என் மகள் கீர்த்தனா ஒன்பதாவது படித்தபோது விழுப்புரத்தில் அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு வாங்கினால் சென்னைக்குப் போகலாம். ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. தெர்மாகோல் உருண்டைகளுக்குக் கறுப்புச் சாயம் பூசி, ஈர்க்குச்சியால் கோத்து, இரண்டு மாதிரிகள் செய்தாள். ஒன்று வைரம், இன்னொன்று பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட். இரண்டுமே கார்பன்தானாம். அணுக்கள் கைகோக்கும் விதம்தான் வேறாம். வைரம் நாலு பக்கமும் இறுகி நின்றது. (நம்ம கட்சி!) கிராஃபைட்டோ மூன்று அடுக்காக, மரச்சட்டத்தில் வெறும் தையல் நூலில் தொங்கியது.

திண்டிவனத்தில் பேருந்து ஏறினோம். அவள் வைரத்தோடு முன்னால், கூட வந்த பள்ளி டீச்சர் பக்கத்தில். நான் கடைசி சீட்டில், மடியில் கிராஃபைட். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூன்று அடுக்கும் மூன்று திசையில் ஆடின.

"இன்னாப்பா இது, ஊஞ்சலாட்டம் ஆடிக்கினு கீது? விழுப்புரம் போறதுக்குள்ள உதுந்துடும்" என்றார் பக்கத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டையோடு இருந்தவர்.

போதாதா? பையில் கட்டுக்கம்பி இருந்தது, கொக்கியும் இருந்தது. (கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும்.) விக்கிரவாண்டி வருவதற்குள் பன்னிரண்டு கட்டு. கம்பியும் கறுப்பு, உருண்டையும் கறுப்பு. கண்ணுக்கே தெரியவில்லை.

நடுவராக வந்த மேடத்திடம் கீர்த்தனா தடங்கலில்லாமல் பேசினாள். "கிராஃபைட்டுல ஒரு அணு மூணு அணுவோட வலுவா பிணைஞ்சிருக்கும், மேடம். ஆனா அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல பிடிப்பு ரொம்பக் கம்மி. அதான் வழுக்குது. வழுக்கறதாலதான் பென்சில் எழுதுது. பாருங்க..."

தள்ளினாள். அசையவில்லை. பலமாகத் தள்ளினாள். மேசை அசைந்தது.

"இந்தப் பென்சில் எழுதாது போலிருக்கேம்மா" என்றார் மேடம்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன். "அது அசையாதுங்க மேடம். நான் கட்டுனது. ஆளு ஏறி நின்னாலும் தாங்கும்!"

கீர்த்தனா குனிந்து கம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னாப்பா பண்ணி வச்ச?" கண் கலங்கிவிட்டது.

ஆடுவதுதான் அதன் வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாகக் கொக்கியை எடுத்தேன். கட்டிப் பழகிய கை, அவிழ்த்துப் பழகவில்லை. ஆறு உருண்டை கோத்த ஒரு அறுகோணம் கையோடு பெயர்ந்து வந்தது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். சென்னைக்கு வேறு பிள்ளை போனது.

திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் திடீரென்று கேட்டாள்: "ஏம்ப்பா, ஆளு ஏறி நின்னாலும் தாங்குமா?" அப்புறம் திண்டிவனம் வரை சிரித்தோம்.

அன்றிலிருந்து நான் எதில் கை வைக்கப் போனாலும் "கிராஃபைட்ட வுடு" என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. இப்போது கீர்த்தனா புதுச்சேரியில் வேதியியல் படிக்கிறாள். விடுதியில் விட்டு வந்த அன்று ஏழு முறை போன் செய்தேன். எட்டாவது முறை என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கிராஃபைட்ட வுடுய்யா. அது எழுதட்டும்."