ஆலந்து அண்ணாத்தே பாதியில் நிறுத்திய கதை

ஆவடியில் இரும்பை உருக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். பல நூறு வருஷத்துக்கு முந்திய டச்சுக் கவிஞன் ஒருவனுக்காகச் சண்டை போட உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தார்.

எண்பதுகளில் தொழிற்சாலை அவரை வெல்டிங் பயிற்சிக்கு ஹாலந்து அனுப்பியது. கூடப் போனவர்கள் டேப்ரிக்கார்டரோடு திரும்பினார்கள். இவர் கிழிந்த புத்தகம் ஒன்றோடும் அரைகுறை டச்சு மொழியோடும் வந்து இறங்கினார். வீரர்களை வட்ட மேசையைச் சுற்றி உட்காரவைத்த ஒரு பழங்கால ராஜாவின் வீரன் ஒருவனைப் பற்றிய பாட்டுக் கதை அது.

"எழுதுனவன் யாருன்னு அந்த ஊர்லயே கேட்டேன். அவங்களே முழிக்கிறாங்க. அவனுக்கு நம்மள வுட்டா யாரு கீறா?" என்பார். ஆலந்து அண்ணாத்தே என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

காலை ஷிப்ட் பஸ்ஸில் கதை நடக்கும். முத்தாபுதுப்பேட்டை ஸ்டாப்பில் வீரன் குதிரை ஏறினால் ஃபேக்டரி கேட் வருவதற்குள் ஒரு அரக்கனாவது சாக வேண்டும். கேட் சீக்கிரம் வந்துவிட்டால் அரக்கன் மறுநாள் வரை பிழைத்திருப்பான்.

ஒருநாள் காதலியை மீட்கப் போன வீரன், அவளுக்குப் பக்கத்து அறையிலேயே சிறைப்பட்டான். அண்ணாத்தே வாயை மூடிக்கொண்டார்.

"அப்பால?" என்றார் டிரைவர்.

"அப்பால இல்ல. அவன் இதோட நிறுத்திட்டான். செத்தானோ, சலிச்சுப் போனானோ."

"நீயே எதுனா சொல்லி முடியேன் நைனா!"

"அவன் எழுதாதத நான் எப்டி சொல்றது? நான் இன்னா பொய்யனா?"

பஸ்ஸே அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. டிரைவர் ஒருநாள் அவர் கைகாட்டியும் நிற்காமல் போனார். மனிதர் பிடிவாதத்தை விடவில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, வருத்தப்பட்டார்.

சமாதானம் செய்து வைக்க, பொங்கல் விழாவில் அவரை மேடை ஏற்றினோம். பிரமாதமாகச் சொன்னார். சிறை வந்தது. நிறுத்தினார்.

"முடி! முடி!" என்று மைதானம் கத்தியது. மைக்கைப் பிடித்தபடி வியர்த்து நின்றார்.

நாலு பேர் எதிரில் வாய் திறக்காத அண்ணி, முந்தானையைச் செருகிக்கொண்டு மேடை ஏறி மைக்கை வாங்கினார்.

"மீதிய நான் சொல்றேன். அந்தப் பொண்ணு அழுதுகினேவா குந்திகினு இருப்பா? கரண்டியால செவுத்த நோண்டுனா!"

சுவர் இடிந்தது. காவலன் உதை வாங்கினான். குதிரையை அவளே ஓட்டினாள். வீரன் பின்னால் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தான். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

அண்ணாத்தே கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மே, நெசமாவே இந்தக் கதைய நீ கேட்டுகினா இருந்த?"

"தெனமும் தூக்கத்துல சொல்லிகினு கீறியே, கேக்காம?"

அதன் பிறகு பஸ்ஸில் சிறை வரைக்கும் டச்சுக்காரன் கணக்கில் சொல்வார். அங்கே நிறுத்தி, "இதுக்கு மேல எங்க ஊட்டம்மா கட்டுனது" என்று அறிவிப்பார். அந்தப் பகுதியை மட்டும், எவ்வளவு கூட்டமானாலும், கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுதான் சொல்வார்.