எண்ணெய் ஊசியும் மாமனாரின் முஷ்டியும்

தையல்காரர் அழுத்தினார். மருந்து இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார். ஊசிமுனை கழன்று, மருந்து சுவரில் தெறித்தது.

"என்னங்க, சுவத்துக்கா போட்டீங்க?" என்றாள் குப்புறப் படுத்திருந்த மனைவி.

அதே குப்பி, அதே ஊசி, அதே கை. நேற்றுவரை வழுக்கிக்கொண்டு இறங்கிய மருந்து, இன்று பிசினாக நின்றது.

கருவைத் தாங்கும் ஹார்மோன் அது. தண்ணீரில் கரையாது, அதனால் எள் எண்ணெயில் கரைத்துத் தருகிறார்கள். சதைக்குள் போனதும் எண்ணெய் அங்கேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். ஒரு நாளும் தவறக் கூடாது. இரண்டு முறை கலைந்த பிறகு தங்கியிருக்கும் கரு.

அது தங்கியதற்குத் தையல்காரர் நன்றி சொல்லாத ஆளில்லை. டாக்டருக்குச் சொன்னார். "ஊசியோட பொழைக்கிறவரு, நீங்களே போடுங்க" என்று பழக்கிய நர்ஸுக்குச் சொன்னார். எள்ளுச் செடிக்குக்கூடச் சொன்னார். மாமனாருக்கு மட்டும் சொல்லவில்லை.

ஊசி தொடங்கிய அன்றுதான் மாமனாருக்குத் தைத்த சட்டையில் ஒரு கை குட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து, ஊசி போடும் நேரம் நெருங்கினால் மனிதர் முஷ்டியை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அது எப்போது தன் மூக்கில் இறங்குமோ என்று மாப்பிள்ளைக்குப் பயம். இன்று காலைதான் அவரை நைசாகப் பேசி மச்சான் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள், மெல்லிய துணிக்கு மெல்லிய ஊசி என்ற கணக்கில் மெல்லிய ஊசியை மாட்டினார்.

"முடிஞ்சுதா?"

"பாதி."

"இப்ப?"

"அதே பாதி."

"பரவால்லீங்க. போட ஆள் இருக்கே, அது போதும்."

மருந்து வெயிலில் கெட்டிருக்கும் என்று நினைத்து, குப்பியை ஃப்ரிட்ஜின் கதவிலிருந்து எடுத்து ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்தார். அடுத்த நாள் மருந்து தேனைவிடக் கெட்டி. "வேணாங்க, என்னால முடியல" என்று அவள் அழுதாள். நர்ஸுக்கு போன் போட்டார்.

"எண்ணெய் மருந்தை ஃப்ரிட்ஜுல யாரு வைக்கச் சொன்னா? குளிர்ந்தா கெட்டியாத்தானே ஆகும்!"

"ஆரம்பத்துலேர்ந்து அங்கதான் சிஸ்டர் இருக்கு. அப்பல்லாம் நல்லா இறங்குச்சே! இவ முன்னாடியே எடுத்துத் தட்டுல வச்சிருப்பா..."

"நானா? நீங்கதான் எடுத்து வைக்கிறீங்கன்னு நெனச்சேன்!" என்றாள் மனைவி.

வாசல் கதவு திறந்தது. முந்தின ராத்திரி மகள் போனில் அழுததைக் கேட்டுவிட்டு மாமனார் வந்திருந்தார், அதே குட்டைக்கைச் சட்டையில். நேராக ஃப்ரிட்ஜுக்குப் போய்க் குப்பியை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து முஷ்டியை இறுக்கினார்.

தையல்காரர் அந்த முஷ்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மாமா... நான் சட்டைக்காகக் கோவம்னுல்ல நெனச்சேன்!"

"சட்டை கெடக்குது மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் கைச்சூட்டுல வச்சா எண்ணெய் இளகிடும், எம்பொண்ணுக்கு வலிக்காது."