மொட்டை மாடி மழை

ஐப்பசி ஏழாம் தேதி விடிகாலையில், அருப்புக்கோட்டையில் மழை பெய்ய வைப்பது என்று முடிவு செய்தேன். யாகம், ஜெபம் என்று உட்கார நேரமில்லை. காலை எட்டு மணிக்குள் பெய்தாக வேண்டும்.

எல்லாம் என் பேத்திக்காக. பெயர் சஷ்விகா. ஐந்தாம் வகுப்பு. பல்செட்டோடு அந்தப் பெயரை நான் சொன்னால் எதிரே நிற்பவர் முகம் துடைக்க வேண்டியிருக்கும். அதனால் எனக்கு அவள் பாப்பா. மகன் சக்திகுமாரும் மருமகள் தேவிபிரியாவும் காலை ஏழு மணி பஸ்ஸில் விருதுநகருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு வீட்டில் இரண்டே இலாகா. அடுப்படி என் மனைவி சந்தனத்துடையது. பள்ளிக்கூடம் என்னுடையது.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக விசில் ஊதியவன் நான். அந்த அதிகாரத்தில்கூட இந்த சந்தோஷம் கிடைத்ததில்லை. டைரி பார்ப்பது, பென்சில் சீவுவது, பாப்பாவை மொபெட்டில் பின்னால் வைத்துக் கூட்டிப்போவது. போகும்போது என் முதுகில் விரலால் வாய்ப்பாடு எழுதிக்கொண்டே வருவாள். ஏழாம் வாய்ப்பாடு வரும்போது எனக்குக் கூசும். ஸ்கூல் வருவதற்குள் பத்தாம் வாய்ப்பாடு முடிய வேண்டும் என்பதற்காகவே மெதுவாக ஓட்டுவேன்.

அந்தப் பதவிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஆவணியில் லீவு நாள் என்று தெரியாமல் பாப்பாவை யூனிஃபார்ம் போட்டுக் கொண்டுபோய் விட்டேன். புரட்டாசியில் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக என் சுகர் ரிப்போர்ட்டை அனுப்பினேன். டீச்சர் அதைப் பார்க்காமலே ‘வெரி குட்’ போட்டிருந்தார். சந்தனம் பார்த்துவிட்டாள்.

“இந்தா பாருங்க, இன்னும் ஒரே ஒரு தப்பு. அம்புட்டுத்தான். டைரி, பை, பிள்ளைய விடுறது, கூட்டியாரது எல்லாம் என் பொறுப்பு.”

“நீ எப்படிக் கூட்டிப் போவ? வண்டி ஓட்டத் தெரியுமா?”

“நடந்து போறேன். பிள்ளைக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நீங்க வீட்டுல உக்காந்து விசில் ஊதுங்க, குக்கருக்குத் துணையா.”

இந்தச் சமயம் பார்த்துத்தான் கோகிலா டீச்சர் அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்தார். மழைமானி. பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டி, புனல் மாதிரி கவிழ்த்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி மாடியில் வைக்க வேண்டும். ஐப்பசி ஒன்றிலிருந்து பதினைந்து நாள், தினம் காலை எட்டு மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று சார்ட்டில் எழுத வேண்டும். பதினாறாம் நாள் கண்காட்சி.

ரெண்டு லிட்டர் பாட்டிலில் மழைமானியை ஜோராகச் செய்தேன். கொண்டு போகும்போது மாடிப்படியில் சந்தனம் மறித்தாள்.

“மேல போறீகளா? கையோட ஒரு வாளித் தண்ணி கொண்டு போயி அந்தக் கனகாம்பரத்துக்கு ஊத்துங்க. வாடிப் போயிக் கெடக்கு. வெறுங்கையோட ஏறி வத்தல் காயப்போட்டு வந்துருவேன். வாளியத் தூக்கிட்டு ஏற முட்டி விடமாட்டேங்குது.”

“சந்தனம், நான் போறது விஞ்ஞான வேலை. விஞ்ஞானி வாளி தூக்க மாட்டான்.”

“சரிதான்.” வாதாடாமல் வழிவிட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

டீச்சர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது. எங்கள் ஊர் மேகங்களைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. அவை கறுத்துத் திரண்டு வரும், திருச்சுழிப் பக்கம் ஒரு பார்வை பார்க்கும், பிறகு ஏறாமல் போகிற பிரயாணி மாதிரி அப்படியே நகர்ந்துவிடும். முதல் ஆறு நாளும் ஜீரோ. ஆறாம் நாள் சாயங்காலம் பாப்பா அழுதுகொண்டே வந்தாள்.

“எல்லார் வீட்டுலயும் மழை பெஞ்சிருக்கு தாத்தா. நமக்கு மட்டும்தான் ஜீரோ. எதுத்த வீட்டுச் சரணுக்கு நாலு மில்லிமீட்டர்!”

எதிர்வீடு என்றால் தெருவுக்கு அந்தப் பக்கம். பதினைந்து அடி தூரம். சரணின் தாத்தா வீரணன் என் வயசுக்காரன். நேரே போய்க் கேட்டேன்.

“ஏலே வீரணா, நேத்து உன் மாடியில மழையாமே?”

“நல்ல மழைலே. நாலு மில்லி.”

“என் மாடியில ஒரு பொட்டு இல்லயே?”

“அதுக்கு நான் என்னலே செய்ய? மேகத்துக்கு டைம் கீப்பரா நானு?” என்று ஆகாயத்தைப் பார்த்தான். அவன் பின்னால் மாடிப்படியில் ஒரு டம்ளர் இருந்தது. அடியில் ஈரம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாத்தா என்றால் இவனல்லவா தாத்தா!

ஏழாம் தேதி காலை ஐந்தரை. மகனும் மருமகளும் பாப்பாவும் தூக்கம். சந்தனம் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். துண்டுக்குள் டம்ளரை மறைத்துக்கொண்டு பூனை மாதிரி மாடியேறினேன். அரை டம்ளர் ஊற்றினேன். இறங்கும்போது சந்தனத்தின் குரல்.

“வெந்நி போட்டாச்சு. சூடு ஆறுறதுக்குள்ள குளிங்க.”

நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் கேட்காமல் வந்த முதல் வெந்நீர். நெகிழ்ந்துபோய்க் குளித்தேன். எட்டு மணிக்கு பாப்பா மாடியிலிருந்து கத்தினாள்.

“தாத்தா, ஜீரோ!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாட்டில் காய்ந்து கிடந்தது. ஓட்டையோ என்று எம்.சீல் வைத்து அடைத்தேன். மறுநாள் ஒரு டம்ளர் ஊற்றினேன். ஜீரோ. காக்கா குடிக்கிறதோ என்று வலை போட்டு மூடினேன். ஒரு சொம்பு ஊற்றினேன். ஜீரோ. ரெண்டு சொம்பு. ஜீரோ. போலீஸுக்குப் போகலாம் என்றால் என்னவென்று புகார் கொடுப்பது? ‘ஐயா, நான் திருட்டுத்தனமாக ஊற்றிய மழையை யாரோ திருடிவிட்டார்கள்’ என்றா?

வீட்டில் கேட்டுப் பார்த்தேன், ஜாடையாக.

“சந்தனம், இப்பெல்லாம் வெயில் ரொம்ப உக்கிரமா இல்ல?”

“ஆமாங்க. ஊத்துன தண்ணிகூட நிக்க மாட்டேங்குது.”

“எந்தத் தண்ணி?”

“கோலத்துக்குத் தெளிச்ச தண்ணி. ஏன், நீங்க எதச் சொல்றீக?”

“நானும் அதத்தான் சொன்னேன்.”

பதின்மூன்றாம் நாள் மாடியிலேயே உட்கார்ந்து காவல் காப்பது என்று தீர்மானித்தேன். ஆறே காலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. “வெந்நி ஆறுது! இன்னைக்கு வேப்பிலையும் போட்டிருக்கேன்!” இவ்வளவு பிரியத்தை எப்படி உதாசீனம் செய்வது? இறங்கிவிட்டேன். கடைசி நாள் வெறி பிடித்துப்போய் பாட்டிலை விளிம்புவரை நிரப்பினேன். எது குடிக்கிறதோ குடிக்கட்டும், எனக்கு மிச்சமாக நாலு மில்லிமீட்டர் விட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஜீரோ.

கண்காட்சிக்கு மூவரும் போனோம். பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தே நடந்தாள். சந்தனம் சொன்ன அந்த ஒரே ஒரு தப்பு இதுதான். இந்த விரலை இப்படிப் பிடித்து நடப்பது இன்றோடு கடைசி என்று நினைத்தபோது நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. சந்தனம் மட்டும் பட்டுச்சேலை, தலையில் கனகாம்பரம் என்று கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல் வந்தாள். பதவியேற்பு விழாவாக்கும் என்று பல்லைக் கடித்தேன்.

சுவரில் முப்பது சார்ட். இருபத்தொன்பதில் மழை. வீரணன் வீட்டில் ஒரே நாளில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர். ஒன்றில் மட்டும் வரிசையாகப் பதினைந்து ஜீரோ.

கோகிலா டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

“பள்ளிக்கூட மாடியில நானும் ஒரு மழைமானி வச்சிருந்தேன். பதினஞ்சு நாளும் ஒரு சொட்டு விழல. ஆனா நம்ம பிள்ளைங்க வீட்டுல புயலே அடிச்சிருக்கு. எல்லார் வீட்டுலயும் பாசமான தாத்தா இருக்காங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

இருபத்தொன்பது தாத்தாக்கள் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். வீரணன் செருப்பைத் தேடினான்.

“உள்ளதை உள்ளபடி எழுதுனது ஒரே ஒரு பிள்ளை. சஷ்விகா! அவளுக்கு உண்மையைச் சொல்லிக்குடுத்த அவ தாத்தாவும் மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசணும்.”

மேடை ஏறினேன். பாப்பாவுக்குப் பரிசு, பெரிய கலர் பென்சில் பெட்டி. எனக்குத் துண்டு. மைக் முன்னால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “மழைன்றது... மேலேருந்து தானா வரணும். நாமளா ஊத்தக் கூடாது.” கைதட்டல் அடங்க வெகுநேரமானது. பாப்பா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “என் தாத்தா!” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் எந்தப் பொய்யையும் சுமப்பேன்.

வீட்டுக்கு வந்து துண்டை மடித்துவைத்தேன். சந்தனம் எதிரில் வந்து நின்றாள்.

“பேச்சு நல்லாருந்துச்சு.”

“ஏதோ, மனசுல பட்டதச் சொன்னேன்.”

“இந்தக் கனகாம்பரம் எப்படி இருக்கு? நம்ம மாடியில பூத்ததுதான்.”

“அது வாடிக் கெடந்துச்சே?”

“கெடந்துச்சு. ஏழாம் தேதி துண்டுக்குள்ள டம்ளரோட நீங்க ஏறுறதப் பாத்தேன். வெந்நியப் போட்டு உங்களக் குளிக்க அனுப்பிட்டு, வத்தல் எடுக்குற சாக்குல போனேன். தரை காஞ்சிருக்கு, வத்தல் காஞ்சிருக்கு, பாட்டில்ல மட்டும் மழை. செடியில ஊத்திட்டேன். அன்னையிலருந்து நீங்க குளிக்கப் போனதும் தினமும் ஊத்துனேன்.”

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். வெந்நீர், வேப்பிலை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நிறுத்திருவீக. கெஞ்சிக் கேட்டும் ஒரு வாளி தூக்க மாட்டேன்னீக. இப்ப ஒம்பது நாளு, ஒருநாள் தவறாமத் தண்ணி தூக்கியிருக்கீகளே!”

“அப்ப... பாப்பா? பள்ளிக்கூடம்?”

“அது உங்களுக்குத்தான். மேடையெல்லாம் ஏறிட்டீக, இனி யாரு புடுங்க முடியும்?”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பூவைச் சரிசெய்தபடி அடுப்படிக்கு நடந்தாள்.

“பாளையம்பட்டியில பிச்சிப்பூக் கன்னு ரெண்டு சொல்லி வச்சிருக்கேன். நாளைலருந்து கொஞ்சம் கனமழையாப் பெய்யட்டும்.”