விதை கொறிக்கும் எந்திரம்

செர்பியாவின் லிபார் பல்கலைக்கழகத்துக்கு எதிர்காலம் வந்து இறங்கியிருந்தது. சும்மா வரவில்லை. கறுப்புக் காரில், ஒரு கறுப்புப் பெட்டிக்குள், டாக்டர் ஸ்லாட்கோ விடிச்சின் காவலில் வந்திருந்தது.

பெட்டியின் பெயர் சந்தைமானி. ஒரு துறையின் பாடத்திட்டத்தைக் கோப்பில் வைத்து, கோப்பை ஒட்டி, பெட்டிமேல் வைத்தால் போதும். உலகச் சந்தை அந்தத் துறைக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் போடுகிறது என்று சிவப்பு எண்ணில் காட்டிவிடுமாம். கோப்பைத் திறக்கவே வேண்டாமாம். "எப்படிங்க?" என்று யாராவது கேட்டால், "அது அல்காரிதம்" என்பார் டாக்டர். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகத் திரும்பிப் போவார். எல்லாரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரமாகக் கூட்டம் தாங்கவில்லை. பெற்றோர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். "எம் பொண்ணு மண்ணியல் படிக்கணும்ங்கறா, எத்தனை காட்டும்?" என்று ஒரு தாய் அழுதாள். பன்னிரண்டு காட்டியது. பெண்ணும் அழுதாள்.

ஐம்பதுக்குக் கீழே வாங்கிய துறைக்கு மூடுவிழா. ஆனால் டாக்டர் கருணை உள்ளவர். அவர் நடத்தும் மறுபிறவிப் பயிற்சியில் கட்டணம் கட்டிச் சேர்ந்து துறையின் பெயரை மாற்றிக்கொண்டால் மறுபடி அளந்து பார்ப்பார். வரலாற்றுத் துறை பதினொன்று வாங்கியது. பயிற்சியில் சேர்ந்து 'நினைவுச் சொத்து மேலாண்மை' ஆனது. தொண்ணூற்று ஒன்று! பாடம் அதேதான், வாத்தியாரும் அதேதான், அவருடைய கிழிந்த பையும் அதேதான்.

பேராசிரியை ஒலிவெராவின் தர்க்கவியல் துறை வாங்கியது நாலு.

பத்தொன்பது வருடமாக அவள் அங்கே, சொன்னதை அப்படியே நம்பாமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தாள். மாணவர்கள் ஏழு பேர். அன்று மத்தியானம் செனட் கூடி மூட ஓட்டுப் போட்டுவிட்டால் ஏழு பேரும் நடுத்தெருவில், அவளும் கூடத்தான்.

அன்று பார்த்து சனவரி இருபத்தேழு, புனித சாவாவின் திருநாள். கல்விக்குக் காவலர் அவர். எந்தப் படிப்பைக் கொல்வது என்று முடிவு செய்ய அந்த நாளைத்தான் குறித்திருந்தார் பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டர் போகோல்யூப். மனுஷனுக்கு என்ன பொருத்தம் பாருங்கள்!

நடைபாதையில் துப்புரவுப் பணியாளர் பெர்சா ஒலிவெராவை மடக்கினாள். காப்பிக் கோப்பையில் கசடு பார்த்துக் குறி சொல்வது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"புரொபசரம்மா, ஒரு சந்தேகம். மெஷினுக்குப் பசிக்குமா?"

"ஏன் பெர்சாக்கா?"

"பொட்டி வெச்சிருக்கற ஹாலுக்குப் பக்கத்து ரூம்ல தெனமும் ஒரு முறம் சூரியகாந்தித் தோல் பெருக்கறேன். ஒயரு ஒண்ணு பொட்டியிலேர்ந்து அந்த ரூமுக்குத்தான் போவுது. ஒயரு விதை திங்குமா என்ன?"

"உள்ள யாரு இருக்கான்னு பாத்தீங்களா?"

"அய்யய்யோ, நான் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம்தான் போவேன். பகல்ல யாரு தொறப்பா? கதவுல டாக்டரு போர்டு மாட்டியிருக்காரே!"

போர்டில் மூன்றே வார்த்தை இருந்தது: 'திறக்காதீர். குறுக்குக்காற்று வரும்.'

பூட்டே தேவையில்லை. செர்பியாவில் கடவுளை நம்பாதவர் உண்டு, அரசாங்கத்தை நம்பாதவர் கோடி உண்டு, குறுக்குக்காற்றை நம்பாதவர் ஒருவர்கூடக் கிடையாது. ஜன்னலும் கதவும் ஒன்றாகத் திறந்தால் கழுத்து பிடிக்கும், காது அடைக்கும், வாய் கோணும், சிறுநீரகம் போகும். மருத்துவத் துறைத் தலைவரே கோடையில் பேருந்து ஜன்னலை மூடச் சொல்லிச் சண்டை போடுகிறவர். டாக்டர் விடிச்சுக்கு இந்த ஜனங்களின் நாடி தெரியும்.

"பெர்சாக்கா, உங்க வீட்டு அய்வார் சட்னி எப்படிச் செய்வீங்க? ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றாள் ஒலிவெரா.

மத்தியானம் மண்டபத்தில் பாதிரியார் மெழுகுவத்தி ஏற்றி, ஆளுக்கு ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை கொடுத்துவிட்டுப் போனார். வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஒலிவெரா எழுந்தாள். "டாக்டர், நானும் காலையில உங்க பயிற்சியில பேர் குடுத்துட்டேன். துறைக்குப் பேரும் மாத்திட்டேன். 'முடிவெடுப்புத் தீர்வுகள்.' அளந்து பாருங்க."

"கடைசியில வழிக்கு வந்தீங்களே!" என்று பூரித்தார் ரெக்டர்.

ஒட்டிய கோப்பைப் பெட்டிமேல் வைத்தாள். டாக்டர் கண்ணை மூடினார். சந்தை யோசித்தது. தொண்ணூற்று மூன்று! கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"நாலுலேர்ந்து தொண்ணூத்தி மூணு! உள்ள என்ன இருக்குன்னு நான் படிச்சுக் காட்டலாமா?" ஒலிவெரா கோப்பைக் கிழித்துத் தாளை எடுத்தாள். "சிவப்புக் குடமிளகா பத்து கிலோ. தணல்ல சுட்டுத் தோலுரிக்கவும். கத்திரிக்கா ரெண்டு கிலோ..."

இத்தோடு ஆள் ஒழிந்தான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

டாக்டர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "பாத்தீங்களா? மனுஷங்க கண்ணுக்கு அது சமையல் குறிப்பு. சந்தைக்குத் தெரியுது அதோட ஏற்றுமதி வாய்ப்பு!"

"ஆகா!" என்றது கூட்டம்.

"அய்வாருக்கு ஒரு துறை ஆரம்பிச்சா என்ன?" என்றார் நினைவுச் சொத்து மேலாண்மைக்காரர்.

"அடுத்த செமஸ்டர்லயே தொடங்கலாம்" என்றார் ரெக்டர், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டே.

ஒலிவெராவுக்கு ரத்தம் கொதித்தது. இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று தோன்றியது. விறுவிறுவென்று எதிர்ச் சுவருக்குப் போனாள். பெரிய ஜன்னலின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"ஒலிவெரா! பைத்தியமா உனக்கு?" என்று அலறினார் மருத்துவத் துறைத் தலைவர்.

ஜன்னல் திறந்தது. வெளியே காத்திருந்த கோஷாவாக் காற்று, குளிர்காலக் காற்று, அழைப்பிதழ் கிடைத்த மாதிரி உள்ளே பாய்ந்தது. நாற்பது பேராசிரியர்கள் நாற்பது கழுத்தைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தார்கள். ஒயருக்காகக் கொஞ்சம் திறந்து வைத்திருந்த பக்கத்து அறைக் கதவு படாரென்று உள்பக்கம் போய்ச் சுவரில் மோதியது.

உள்ளேயிருந்து உலகச் சந்தை கத்தியது:

"யோவ் மச்சான்! குறுக்குக்காத்துய்யா! ஜன்னலைச் சாத்தச் சொல்லுய்யா!"

மீசை வைத்த குண்டு ஆள். கழுத்தில் ரெண்டு சுற்றுக் கம்பளித் துண்டு. மடியில் விசைப்பலகை. விசைப்பலகைமேல் சூரியகாந்தி விதைத் தோல். அவன் கையிலிருந்த தாள் பறந்து வந்து கோதுமைக் கிண்ணத்தில் விழுந்தது.

ஒலிவெரா எடுத்துப் படித்தாள். "பயிற்சியில சேர்ந்தவங்க, தொண்ணூறுக்கு மேல. சேராதவங்க, இருபதுக்குக் கீழ. கடைசியில பென்சில்ல எழுதியிருக்கு: 'தர்க்கம் காலையில சேர்ந்தாச்சு. தாராளமாப் போடு.'"

மேசைக்கடியிலிருந்து ஒவ்வொரு தலையாக எழும்பியது. டாக்டர் பெட்டியைத் தூக்கப் பார்த்தார். ஒயர் இழுத்தது. பெட்டி விழுந்து உடைந்தது. உள்ளே சிவப்பு எண் காட்டும் பலகை ஒன்று இருந்தது, மற்றபடி காலி.

"நானாவது காப்பி குடுத்துட்டுக் குறி சொல்றேன்" என்றாள் வாசலில் நின்ற பெர்சா. "வெறும் வயித்தோட ஏமாத்தறது எந்த ஊரு நியாயம்?"

டாக்டரும் மச்சானும் படியிறங்கி ஓடினார்கள். ஓட்டத்திலும் மச்சான் துண்டை இறுக்கிக்கொள்ள மறக்கவில்லை.

"மொதல்ல ஜன்னலைச் சாத்தும்மா" என்று முனகினார் ரெக்டர்.

"அஞ்சு நிமிஷமாத் திறந்திருக்கு ஐயா. யாருக்காவது வாய் கோணிச்சா? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டார்கள். கோணவில்லை. மருத்துவத் துறைத் தலைவர் மட்டும் சந்தேகத்தோடு தாடையை அசைத்துப் பார்த்தார். ஓட்டெடுப்புத் தாள்களைக் காற்று எப்போதோ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தது. அதைப் பொறுக்கி வர ஒருவரும் கிளம்பவில்லை.

ரெக்டர் உடைந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெய்யாகவே குழம்பிப்போன குரலில் கேட்டார்: "அப்போ நம்ம பல்கலைக்கழகம் எதுக்கு இருக்கு, இனிமே என்ன ஆகும்னெல்லாம் யாரும்மா யோசிச்சுச் சொல்றது?"

ஒலிவெரா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாற்பது முனைவர்கள்.

"அதுக்குத்தானே ஐயா இத்தனை பேருக்குச் சம்பளம்?"