ஏழாம் பெட்டி உதாரணம்

ஒரு காட்டுல கரன்ட் வந்துச்சு. அது பின்னாலேயே பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணும் வந்துச்சு. ஆபீசர் சிங்கம் அதைக் குகையில வச்சுப் பூட்டிட்டாரு. இருந்தது ஒரே கம்ப்யூட்டர்தான். ஆனா உள்ளுக்குள்ள இருபது கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி ஒரு பாவனை. படிச்சதுங்க அதை விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுச்சுங்க, மத்ததுங்க பொய்ப்பெட்டின்னு சொல்லுச்சுங்க. ஒண்ணாம் பெட்டி சிங்கத்துக்கு. பாக்கி எல்லாம் மத்த மிருகங்களுக்கு.

பெட்டியில வேலை பாக்கறது ஏஐ ஏஜென்ட்டுங்க. ஆளுக்கு ஒண்ணு, பாக்கறதுக்குத் தகரக் கிளி மாதிரி இருக்கும். சொன்னதைச் செய்யும், லீவு கேக்காது. ஒரே குறை, வேலை முடிஞ்சதும் பெட்டியைத் திறந்தது திறந்தபடி போட்டுட்டுப் போயிடும். இருபது பெட்டியும் விடாம ஓடி, குகை இட்லிப் பானை மாதிரி ஆயிடுச்சு. பரம்பரையா அங்க இருந்த வௌவாலுங்களே காலி பண்ணிட்டுப் போயிடுச்சுங்க.

என்ஜினீயர் குரங்கு யோசிச்சு ஒரு அணைப்பான் செஞ்சுது. கிளி பெட்டி நம்பரைச் சொல்லி அணைன்னா போதும். பெட்டி அணைஞ்சிடும், உள்ள இருந்ததும் சுத்தமாப் போயிடும். இதை எப்படி உபயோகிக்கணும்னு கிளிங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுன்னு சிங்கம் கேட்டதுக்கு, இதுல எழுத என்ன இருக்குன்னு சொல்லிட்டு மரத்துல ஏறிடுச்சு.

எழுதற வேலை முள்ளம்பன்றி பொன்னுரங்கத்துக்கிட்ட வந்துச்சு. உடம்பு பூரா பேனாவா வச்சிருக்கியேன்னுதான் பதினோரு வருஷத்துக்கு முன்னால அவரை டெம்பரவரியா எடுத்தாங்க. இன்னும் டெம்பரவரிதான். இந்த ஒரு பக்கத்தை முடிச்சுக் குடுத்தா, பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்னு சிங்கம் சொல்லியிருந்தாரு. கையெழுத்துக்குக் காத்திருந்த அந்த ஆர்டரும், பதினோரு வருஷ வருகைப்பதிவும் பொன்னுரங்கத்தோட ஏழாம் பெட்டியில பத்திரமா இருந்துச்சு.

பொன்னுரங்கம் அடித்தல் திருத்தல் இல்லாம எழுதி முடிச்சாரு. அப்பத்தான் குரங்கு மரத்துல இருந்தபடியே சொல்லுச்சு.

"உதாரணம் ஒண்ணு போடுண்ணே. அது இல்லாட்டி கிளி மண்டையில ஏறாது."

எந்தப் பெட்டியைப் போடறது? அந்தக் காட்டுல ஒரு மரியாதை உண்டு. கெட்டதுக்கு உதாரணம் சொல்லணும்னா அடுத்தவங்களை இழுக்கக் கூடாது. நாளைக்கு எனக்கே ஒண்ணு ஆயிடுச்சுன்னு வச்சுக்குங்கன்னு தன்னைத்தான் சொல்லிக்கணும். மானோட பெட்டியை அணைன்னு எழுதினா மான் மனசு என்ன பாடுபடும்? அதனால அவரு பெருந்தன்மையா எழுதினாரு: 'உதாரணம்: ஏழாம் பெட்டி, அணை.'

மறுநாள் காலையில முயல் தன் பேரப்பிள்ளைங்க பேரையெல்லாம் மூணாம் பெட்டியில ஏத்தி, தாள்ல அச்சடிச்சு எடுத்துக்கிட்டு, பெட்டியை அணைச்சுடுன்னு கிளிக்கிட்ட சொல்லுச்சு. கிளி பக்கத்தைப் படிச்சுது, அணைச்சுது. அப்புறம் மானோட கிளி. அப்புறம் கரடியோட கிளி. மத்தியானத்துக்குள்ள ஏழாம் பெட்டி பதினாலு தடவை அணைஞ்சிருந்துச்சு.

பொன்னுரங்கம் முயலோட கிளியைப் பிடிச்சுக் கேட்டாரு. "மூணாம் பெட்டியைத்தானே அணைக்கச் சொன்னாங்க?"

"அதையும் அணைச்சுட்டேங்க. அதுக்கு மேல உதாரணம்னு ஒண்ணு போட்டிருந்தீங்க, முதல்ல அதைச் செஞ்சேன். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க."

பொன்னுரங்கம் ஓட்டமா ஓடி சிங்கத்துக்கிட்ட விஷயத்தைச் சொன்னாரு. சிங்கம் பேனா மூடியைத் திறந்தவரு, ஆர்டர் இல்லைன்னதும் திரும்ப மூடிட்டாரு.

"பதிவே இல்லாத ஆளை எப்படிப்பா பர்மனென்ட் பண்றது? இன்னைக்குத்தான் வேலையில சேர்ந்தேன்னு வச்சுக்குவோம். முதல் வேலையா அந்த உதாரணத்தை மாத்து."

எந்த நம்பரைப் போடறதுன்னு பொன்னுரங்கம் பணிவா கேட்டாரு.

"இதெல்லாமா என்கிட்ட கேப்பே? ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் கிடக்கு. உன்னுதை விட்டுட்டு எதையாவது போடு."

ஐயா சொன்ன வரிசைப்படியே பொன்னுரங்கம் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சாரு: 'உதாரணம்: ஒண்ணாம் பெட்டி, அணை.'

காட்டுல யாரு யாருக்கு என்ன வேலைங்கற ஆர்டர் அத்தனையும் ஒண்ணாம் பெட்டியிலதான் இருந்துச்சு, சிங்கம் ஆபீசரா இருக்கலாம்னு போட்ட ஆர்டர் உட்பட. அடுத்த நாள் பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தருக்கும் ஒரு ஆதாரமும் கிடையாது. எல்லாரும் புதுசா ஃபாரம் பூர்த்தி பண்ண வேண்டியதாயிடுச்சு. எழுத ஆளு ஒருத்தருதான். முதல் ஃபாரத்துல பொன்னுரங்கம் தன் பேரை எழுதி, பர்மனென்ட்னு போட்டு, மை காய ஊதி எடுத்து வச்சுக்கிட்டாரு.

சிங்கம் வரிசையில நரிக்குப் பின்னால நின்னு வந்தாரு.

"முன் அனுபவம் இருக்குங்களா?"

சிங்கம் கர்ஜிச்சாரு. பின்னால நின்ன முயல் மட்டும் காதைப் பொத்திக்கிச்சு.

"சத்தம் நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. ஆனா பதிவு இல்லையே," ன்னு சொல்லிட்டு, பொன்னுரங்கம் முதுகுலேர்ந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, அந்த ஃபாரத்துல நிதானமா எழுதினாரு: டெம்பரவரி.

நீதி: கெட்டதுக்கு உதாரணம் சொல்லணும்னா உங்க வீட்டைச் சொல்லாதீங்க, அடுத்த வீட்டையும் சொல்லாதீங்க, மேலதிகாரி வீட்டைச் சொல்லுங்க, அதுவும் அவரு வாயாலேயே அனுமதி வாங்கிக்கிட்டு.