ஆளுக்கு மூன்று டோக்கன்

வலி என்ற சொல்லை இனிமேல் இந்த வீட்டுக்குள் எடுப்பதே இல்லை என்று ஸ்கேல் ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கும்போது தீர்மானம் செய்தார். பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செய்த தீர்மானம். அதனால் இரட்டிப்பு உறுதி.

ஸ்கேல் என்பது ஆபீஸில் வைத்த பெயர். குடிநீர்த் துறையில் முப்பத்து நாலு வருஷம் குழாய் வரைபடம் வரைந்தவர். ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு போடுவார் என்பதால் அந்தப் பட்டம். ஓய்வு பெற்ற அன்று ஆபீஸே வரிசையில் நின்று அவர் கையைக் குலுக்கியது. அந்தக் குலுக்கலில்தான் ஏதோ கழன்றுவிட்டது என்பது அவருடைய கட்சி. மறு வருஷமே விரல் கணுக்கள் இஞ்சித் துண்டு போல வீங்கிவிட்டன. பின்னாலேயே முழங்கால்கள் இரண்டும். மூட்டு வாதம் என்றார் டாக்டர்.

காலையில் ஒரு மாத்திரை. இரவில் ஒரு மாத்திரை. வாரத்துக்கு ஒருநாள் மஞ்சளாக ஒன்று. மூன்றும் ஒழுங்காக உள்ளே போயின. வலிதான் ஒழுங்காக வெளியே போகவில்லை. மாத்திரை போட்டதும் தெருமுனை வரை போகும். அப்புறம் குடையை மறந்து வைத்துவிட்ட ஆள் மாதிரி திரும்பி வந்துவிடும்.

“முழுசா போகாது சார். அதோட சேர்ந்து வாழப் பழகிக்கணும்” என்றார் டாக்டர்.

“அந்தப் பழக்கம் எனக்கு முப்பத்தொரு வருஷமா இருக்கு டாக்டர்.”

டாக்டருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சிரிக்கவில்லை.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு ‘ம்’. ஞாயிறு மாலை நாற்காலியை விட்டு எழும்போது ஸ்கேல் வழக்கம்போல “ஐயோ, அம்மா” என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமல் “ம்” என்றாள். அதுவும் எப்படி? அவர் ‘அம்மா’வை முடிப்பதற்கு முன்னாலேயே. ஒரு மனுஷன் படுகிற பாட்டுக்கு ஒற்றை மெய்யெழுத்துதானா பதில்?

மாத்திரை வந்த நாளிலிருந்தே கதை இப்படித்தான் போகிறது. அதற்கு முன்னால் எல்லோரும் “வலி எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். இப்போது “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்கிறார்கள். வெளியூரில் இருக்கும் மகன் போனில் கேட்பதும் அதைத்தான். போட்டாச்சு என்றால் பேச்சு முடிந்துவிடுகிறது. போட்டும் வலிக்கிறது என்று சொல்ல அதில் இடமே இல்லை.

ஆகவே, அவளாக வந்து, அவள் வாயால், “இன்னிக்கு வலி எப்படி இருக்குங்க?” என்று கேட்கும் வரை மூச்சு விடுவதில்லை. எத்தனை நாள் தாங்குவாள்? மூன்று? நாலாம் நாள் பதறிப்போய் ஓடிவர மாட்டாளா?

மனைவி ஆயத்த ஆடைக் கூடம் ஒன்றில் கட்டிங் மாஸ்டர். கண்ணாடிக் காம்பில் சிவப்பு நூலைச் சுற்றிக்கொண்டு இருபது பேரை மேய்ப்பவள். காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். வியாழக்கிழமைகளில் வேலை அதிகம் என்று இன்னும் தாமதமாகும். அந்தப் பத்து மணி நேரமும் வீடு ஸ்கேலுக்கும் அவருடைய மூட்டுகளுக்கும் மட்டும்தான்.

அந்த வாரம் புதன்கிழமை, மேஜையிலிருந்து பென்சில் உருண்டு கீழே விழுந்தது. குனிய முடியாது. குனிந்தால் நிமிர முடியாது. மாலை வரை அவர் பென்சிலைப் பார்த்தார். மத்தியானம் யாரோ தவறான எண்ணுக்குப் போன் செய்தார்கள். “ஹலோ” என்றபோது குரல் கரகரத்தது. காலையிலிருந்து அதை உபயோகிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “இல்லைங்க, ராங் நம்பர்” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று நினைத்தார். வலிக்கிறது என்பதைவிட, வலிக்கிறது என்று சொல்ல ஆளில்லை என்பது அவரை அழுத்தியது. ஆனால் தீர்மானம் போட்டது அவரேதான்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னங்க.”

வந்துவிட்டது! ஸ்கேல் முகத்தை அளவாகச் சுருக்கிக்கொண்டார். “என்ன?”

“இந்த வாரம் வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா?”

“அப்படியா?”

“மஞ்சள் மாத்திரை நல்லா வேலை செய்யுது போல. அப்பாவுக்குத் தேவலைன்னு பையன்கிட்ட சொல்லிட்டேன்.”

“தேவலைன்னு நான் சொன்னேனா?”

“இல்லைன்னும் சொல்லலையே.”

நாக்கு நுனி வரை வந்தது. கடித்து உள்ளே தள்ளினார். “தேவலைதான்.”

“பாத்தீங்களா!” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாத்திரை தீர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மூட்டுப் பிரிவுக்கு வெளியே நீளமாக ஒரு பச்சை பெஞ்சு. கையில் நாற்பத்தேழாம் டோக்கன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர், முன்னாள் லாரி டிரைவர், அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“எங்க சார் வலி?”

“எனக்கா?”

“உங்களுக்குத்தான். சுவருக்கா வலிக்கும்?”

ஸ்கேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கம் இருந்த ஓய்வு பெற்ற டீச்சர், இடுப்பு வலிக்காரர், உடனே சட்டதிட்டங்களை எடுத்துச் சொன்னார். இந்த பெஞ்சில் ஆளுக்கு மூன்று டோக்கன் நேரம். உள்ளேயிருந்து மூன்று எண்கள் கூப்பிடும் வரை ஒருவர் பேசலாம். குறுக்கே பேசக் கூடாது. ‘எனக்கு அதைவிட மோசம்’ என்று ஆரம்பிக்கக் கூடாது. என்ன எண்ணெய் தடவலாம் என்று யோசனை சொன்னால் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஸ்கேல் பேசினார். முழங்காலில் ஆரம்பித்து, விரல் கணு ஒவ்வொன்றாக நின்று நின்று போனார். பென்சில் விழுந்ததைச் சொன்னார். ராங் நம்பரைக்கூடச் சொன்னார். இரண்டு பேரும் ‘ம்’ கொட்டினார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துக் கொட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது வலி அப்படியேதான் இருந்தது. நெஞ்சு மட்டும் லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஸ்கேல் ஆஸ்பத்திரியில். டாக்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பெஞ்சில் உட்கார டோக்கன் வேண்டும். ஆகையால் டோக்கன் வாங்குவார். தன் எண் நெருங்கும்போது பின்னால் இருப்பவரிடம் நீட்டுவார். “நீங்க முதல்ல போங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை.” அவர்களுடைய டோக்கனை வாங்கிக்கொள்வார். அது நெருங்கினால் அதையும் மாற்றிக்கொள்வார். இப்படியே பின்னால் பின்னால் போய், கடைசியில் டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தப் பிரிவில் அவருக்கு மகான் என்று பெயர் வந்துவிட்டது.

மனைவியிடம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

“நல்லதுங்க, போயிட்டு வாங்க” என்றாள் அவள்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை டிரைவரின் முறை. அவருக்குச் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் உடற்பயிற்சி சிகிச்சை. இரண்டு நாள் பெஞ்சுக்கும் அவர் உறுப்பினர்.

“இன்னிக்கு என் வலி கிடக்கட்டும். வியாழக்கிழமை பெஞ்சுல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க கதையைக் கேளுங்க. அவங்க வீட்டுக்காரர், வலியைப் பத்தி வாயே தொறக்கறதில்லைன்னு சபதம் போட்டிருக்காராம். பொண்டாட்டியா வந்து கேக்கணுமாம்.”

“அப்படின்னு அவர் சொன்னாரா?” என்றார் டீச்சர்.

“சொல்லுவாரா? மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்காம். தினம் சாயங்காலம் இவங்க செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டதும், முழங்காலைத் தடவிக்கிட்டே கூரையைப் பாத்து உக்காந்திருப்பாராம். இவங்க ஓரக்கண்ணால பாத்துட்டு நேரா சமையலறைக்குப் போய், வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்களாம்.”

பெஞ்சே குலுங்கியது. ஸ்கேல்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

“என்ன ஆளுய்யா அவன்! வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போறதுதானே?”

“அசடு சார்.”

“அசட்டுல அசடு!”

“அந்தம்மாதான் ஒரு வார்த்தை கேட்டா என்ன?” என்றார் டீச்சர்.

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘ஒண்ணரை வருஷமா எனக்கும்தான் கட்டைவிரல் வலியில உயிர் போகுது. கத்தரியைப் பிடிச்சுப் பிடிச்சு வந்த வலி. மாத்திரை போட்டும் நிக்கலை. அவர் ஒரு நாள் கேட்டாரா? முதல்ல அவர் கேக்கட்டும்’னுட்டாங்க. துணி வெட்டற வேலை சார். பாவம்.”

ஸ்கேலின் சிரிப்பு பாதியில் நின்றது. வியாழக்கிழமை. துணி. கத்தரி.

“அந்தம்மா கண்ணாடி போட்டிருப்பாங்களா?”

“ஆமா. காம்புல சிவப்பு நூல் சுத்தியிருக்கும்.”

உள்ளேயிருந்து அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் டோக்கனை யாரிடமும் நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

அன்று மாலை முதல் முறையாக அவர் கூரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். குழாயை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி மூடினாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். இடது கையால் தலை வாரினாள். இதெல்லாம் எப்போதிலிருந்து நடக்கிறது? போன வருஷம் ஒரு நாள் பாட்டிலை நீட்டி, “இதைக் கொஞ்சம் திறந்து கொடுங்களேன்” என்று கேட்டாள். “என் விரல் இருக்கிற இருப்புல என்கிட்ட கேக்கறியே” என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் நீட்டியதே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக வலியைச் சுமந்துகொண்டு, அந்நியர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதை நினைக்க ஸ்கேலுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கேட்டுவிட வேண்டியதுதான். ஆனால் கேட்டால் நூலகம் அம்பலமாகிவிடும். தீர்மானம் காற்றில் போய்விடும். தோற்றது அவர்தான் என்று ஆகிவிடும். சாப்பாட்டு மேஜையில் அவள் கரண்டியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார். போனால் போகட்டும் என்று தோன்றியது.

“உன் கட்டைவிரல்...”

அவள் கை நின்றது. “என் கட்டைவிரலுக்கு என்ன?”

“வலி எப்படி இருக்கு?”

அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள்.

“டிரைவர் இன்னிக்குத்தான் சொன்னாரா?”

ஸ்கேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கு எப்படி...”

“ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லச் சொல்லியிருந்தேன். அந்த மனுஷனுக்குத் தன் தோள்பட்டையைப் பத்திப் பேசி முடிக்கவே ரெண்டு வாரம் ஆயிருக்கு.”

“அப்போ நான் அங்க போறது தெரியுமா?”

“டோக்கன் கொடுக்கற அம்மா கேட்டாங்க. ‘உங்க விலாசத்துலேருந்து ஒருத்தர் செவ்வாய்க்கிழமையானா வந்து டோக்கனைத் தானம் பண்ணிட்டுப் போறாரே, அவருக்கு என்ன வியாதி’ன்னு.”

“வியாழக்கிழமை வேலை அதிகம்னியே?”

“நூலகத்துல நீங்க என்ன புத்தகம் படிச்சீங்க?”

ஸ்கேல் தண்ணீர் குடித்தார். “என்னை அசடுன்னு சொன்னார் அந்த டிரைவர். என் மூஞ்சிக்கு நேரா.”

“அதை நான் சொல்லச் சொல்லலை.”

“நானும் சேர்ந்து ‘அசட்டுல அசடு’ன்னேன்.”

“அதையும் நான் சொல்லச் சொல்லலைங்க” என்றாள். அடக்கமாட்டாமல் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், “டோக்கன் அம்மாகிட்ட, வீட்டுல பேச ஆளில்லாத வியாதின்னு சொன்னேன்” என்றாள். “எனக்கும் அதே வியாதிதான்னு அவங்ககிட்ட சொல்லலை.”

பிறகு அவள் பேசினாள். காலையில் விரலை வெந்நீரில் வைத்துத்தான் கத்தரியை எடுக்க முடிகிறதாம். கூடத்தில் ஒருத்திக்கும் தெரியாதாம். தெரிந்தால் கத்தரியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு இவளைப் பித்தான் எண்ண உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயமாம். ஸ்கேல் குறுக்கே பேசவில்லை. தனக்கு அதைவிட மோசம் என்று ஆரம்பிக்கவில்லை. எந்த எண்ணெயின் பெயரையும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தார். பிடித்தால் இரண்டு பேருக்கும் வலிக்கும். அதனால் தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

“சரி, இப்போ சொல்லுங்க. உங்களுக்கு வலி எப்படி இருக்கு?” என்றாள்.

ஏழு வாரம் காத்திருந்த கேள்வி. சொன்னார். அவள் சாப்பாட்டை ஆறவிட்டுவிட்டுக் கேட்டாள். சொல்லி முடித்தபோது முழங்கால் எப்போதும் போலத்தான் வலித்தது. ஆனால் ஸ்கேலுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர்ச்சியில் பெரிய மனது வந்துவிட்டது.

“இனிமே செவ்வாய்க்கிழமை நான் போகலை. வியாழக்கிழமை உன்கூடவே வரேன். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காரலாம்.”

“வேண்டாம்.”

“ஏன், இடம் இருக்காதா?”

“இடமெல்லாம் இருக்கு.”

“பின்னே என்ன?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க பக்கத்துல வந்து உக்காந்துட்டா, நான் யாரைப் பத்திங்க பேசறது?”