கிடுகு வேய்ந்த யானையும் கைப்பிடிக் கதிரையும்

கேளீர், வையகத்தீர்! கொம்பன் யானை ஒன்றைக் களவெடுத்து, தன் வளவுக்குள் படுக்கவைத்து, மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்து, தேடிவந்த காவலரிடம் “இது என்ர குசினி” என்று யானையை அடுக்களையாகவே சாதித்து, அதன் நிழலிலேயே அவர்களுக்கு மோரும் ஊற்றிக் கொடுத்து அனுப்பிய மாவீரன் வீரகத்தியின் பூட்டப்பிள்ளையும், முப்பத்தாறு ஆண்டுகள் தபாற்கந்தோரில் முத்திரை குத்தியே வலப்புயம் பருத்த ஆண்தகையும், மனைவி கூப்பிட்டால் மட்டும் நடுங்கும் நெஞ்சுரத்தோனுமாகிய சின்னராசா என்னும் நான், ஸ்கந்தபுரத்து வாசிகசாலையில் 1998ஆம் ஆண்டு நிகழ்த்திய கதிரைப் பெரும்போரைப் பாடப் புகுந்தேன். நாமகளே, என் நாவில் அமர்வாயாக. பொய் வரும் இடங்களில் மட்டும் சற்று வெளியே நிற்பாயாக.

அவ்வாசிகசாலையில் உட்கார நீள்பலகை வாங்குகள் நான்கு. கைப்பிடி உள்ள கதிரை ஒன்றே ஒன்று. வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்து வந்த எங்களிடம் எஞ்சியிருந்த ஒரே சொத்து பரம்பரைதான் என்பதால், எவன் பரம்பரை பெரிதோ அவனுக்கே கதிரை என்பது அங்கே எழுதாச் சட்டம். இளைப்பாறிய நீர்ப்பாசன மேற்பார்வையாளர் பரமலிங்கம், தம் பூட்டனார் கதிர்காம உடையார் யானை கட்டி வாழ்ந்தவர் என முழங்கி, அரியணை ஏறிய அரிமாவென ஈராண்டாய் அதில் வீற்றிருந்தார். நானோ வாங்கில் இருந்திருந்து, பலகையின் வரியெல்லாம் பின்புறத்தில் பதிந்த ஏடாகிவிட்டேன்.

பொறுமை கரைந்த ஒரு காலைப்பொழுதில், மலைமுகட்டில் இடியேறு வீழ்ந்தாற்போல் எழுந்து, வீரகத்தியின் வரலாற்றை முழக்கினேன். “என்ர பூட்டனை வெள்ளைக்காரன் கப்பலேத்தி மலாக்காவுக்கு நாடு கடத்தினவன்! உங்களில ஆற்றையேன் பூட்டனுக்குக் கப்பல் வந்ததோ?”

“கிடுகு வேஞ்ச யானையோ? மழைக்கு ஒழுகினதோ, சின்னராசா?” என்றார் பரமலிங்கம். எழுந்த சிரிப்பில் பத்திரிகைகள் படபடத்தன. “கடுதாசி காட்டும். கதிரையை விடுறன்.”

வஞ்சினம் உரைத்து வீடு மீண்டவன், அரச ஆவணக் காப்பகத்தில் பூட்டனின் தீர்ப்பைத் தேடி எடுக்கும்படி, கொழும்பிலிருந்த மைத்துனன் தவராசாவுக்கு மடல் விடுத்தேன். இதைக் கண்ட என் மனையாள் இராசேஸ்வரி தலையில் கைவைத்தாள். “மற்றச் சனம் பரம்பரையில கள்ளன் இருந்தால் மறைக்குது. நீங்கள் முத்திரை ஒட்டித் தேடுறியள்!”

எட்டுத் திங்கள் கழிந்தன. பழைய ஏடுகளின் தூசியில் மூழ்கித் தும்மித் தும்மி மெலிந்த தவராசா, பிரதியெடுத்த தாளை நெஞ்சோடு அணைத்து வந்தான். வவுனியாச் சோதனைச் சாவடியில் அதை மும்முறை விரித்துப் பார்த்து என்னவென்று கேட்ட சிப்பாயிடம், “ஐயா, எங்கட பூட்டன் களவெடுத்து மறியலுக்குப் போன கடுதாசி” என்றானாம். அந்தச் சிப்பாய் சிரித்தபடியே வழிவிட்டானாம்.

வாசிகசாலை மூச்சடக்கி நிற்க, ஆங்கிலம் கற்ற பரமலிங்கமே தாளை ஏந்தி, களத்தில் ஓலை வாசிக்கும் தூதனெனத் தமிழாக்கி உரைத்தார். “குற்றவாளி வீரகத்தி, யானையின்மேல் கிடுகு வேய்ந்து, அடுக்களையென்று சாதித்தான். அடுக்களை எழுந்து நடந்து, அயலான் வைக்கோற்போரை உண்டதனால் அகப்பட்டான். தண்டனை, மலாக்காவில் ஏழாண்டு.” மோர் ஊற்றிய செய்தி மட்டும் அதில் இல்லை, அது அடியேனின் சேர்க்கை. கள்ளனின் குருதி என் நாளங்களில் ஓடுவது அரச முத்திரையோடு உறுதியானதைக் கேட்டு, வாகை சூடிய வேந்தனென நான் பூரித்து நின்றேன்.

ஆனால் அந்தோ, வாசித்தவர் கடைசி வரியில் தாளைக் கண்ணருகே தூக்கினார்! யானையைப் பறிகொடுத்தவன் பெயர் அங்கே இருந்தது: பரமலிங்கத்தின் பூட்டனார் கதிர்காம உடையார். தாள் பொய்யெனில் உடையாருக்கு யானையே இல்லை. தாள் மெய்யெனில் கிடுகும் மெய். இருபுறமும் தீப்பற்றிய காட்டில் அகப்பட்ட களிறென அவர் விழி சுழன்றது. நெற்றியில் வியர்வை அருவியெனப் பாய்ந்தது. நால்வாங்கின் வீரரும் கழுத்து நீட்டி நின்றனர். ஈக்களும் இறக்கை மடித்தன.

பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “ஓம், நடந்ததுதான், வந்து இரும்” என்று சொல்லி வாங்கில் போய் இருந்தார்.